பொன் தேடிய மக்கள்

(பங்கின் பொன்விழாவையொட்டி, தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள் மாலையில் பங்கு மன்றத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



இன்று மே முதல் நாள். தொழிலாளரைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். பொன்விழா ஆண்டில் பொன்னைத் தோண்டி எடுத்த தொழிலாளரைப் பற்றிப் பேசினால் பொருத்தமாக இருக்குமே என்று எனக்குத் தோன்றியது.

தங்கச் சுரங்கம் என்றால் நம்மவர்க்கு உடனே நினைவுக்கு வருவது கோலார் தங்கவயல். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பூமிக்கடியில் உழைத்தன. 2001-ஆம் ஆண்டு அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அது கம்பெனிச் சுரங்கம். முதலாளி உண்டு, மேஸ்திரி உண்டு, கூலி உண்டு. நான் இன்று சொல்லப்போவது வேறு வகை. முதலாளியும் இல்லை, கூலியும் இல்லை. "அங்கே தங்கம் இருக்கிறதாம்" என்ற ஒரு சொல்லைக் கேட்டு, ஏரை விட்டவனும், கப்பலை விட்டவனும், கடையைப் பூட்டியவனும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய கதை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பல்லாரட் என்னும் ஊரில் நடந்தது. நம் திருச்சபையைச் சேர்ந்த சிலருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. அவர்களுள் ஒரு பெண்மணி நம் சென்னையில் வாழ்ந்தவர். அவரைப் பற்றியும் சொல்வேன்.

ஊரே ஓடியது

1851-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஹார்கிரேவ்ஸ் என்பவர் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் பாதர்ஸ்ட் நகருக்கு அருகே ஓர் ஓடையில் தங்கப் பொடியைக் கண்டார். அவ்வாண்டு ஜூலை முதல் நாள்தான் விக்டோரியா தனிக் குடியேற்ற நாடாகப் பிரிந்தது. பிரிந்த சில வாரங்களுக்குள் அங்கேயும் தங்கம் கண்டார்கள். ஆகஸ்டு மாதம் பல்லாரட்டில். அதன் பின் மவுண்ட் அலெக்சாண்டரில். ஆண்டு முடிவதற்குள் பெண்டிகோவில்.

செய்தி பரவியதும் மெல்போர்ன் நகரம் வெறிச்சோடிப் போயிற்று. எழுத்தர்கள் பேனாவை வைத்துவிட்டுப் போனார்கள். போலீசார் கூட்டங் கூட்டமாக வேலையை விட்டார்கள். துறைமுகத்துக்கு வந்த கப்பல்களிலிருந்து மாலுமிகள் இறங்கி ஓடிவிட, திரும்பிச் செல்ல ஆளின்றிக் கப்பல்கள் நங்கூரத்திலேயே கிடந்தன. மறு ஆண்டில் இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, சீனா என்று எல்லாத் திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். 1851-இல் 77,000 பேர் இருந்த விக்டோரியாவில், பத்தே ஆண்டுகளில், 1861-இல், ஏறத்தாழ 5,40,000 பேர்! வந்தவர்களுக்கு மெல்போர்னில் வீடு ஏது? நகருக்கு வெளியே ஒரு கூடார நகரமே எழுந்தது. மழையில் ஒழுகும் கித்தான் கூடாரங்களிலே குழந்தை குட்டிகளுடன் கிடந்து, பிறகு சேற்று வழியிலே சுமார் 110 கிலோமீட்டர் தள்ளியிருந்த பல்லாரட்டுக்கு மூட்டை முடிச்சுகளோடு நடந்தார்கள்.

ஒரு நாள் வாழ்க்கை

பல்லாரட்டில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

தொடக்கத்தில் ஒருவருக்கு அளந்து கொடுத்த நிலம் எட்டடிக்கு எட்டடி. நம் வீட்டுச் சமையலறை அளவு. அதைத் தோண்டலாம், கிடைப்பது அவனுடையது. தனி ஆளாகச் செய்ய முடியாத வேலை என்பதால் மூவர், நால்வர் கூட்டுச் சேர்வார்கள். ஒருவர் வெட்டுவார். ஒருவர் மண்ணைச் சுமந்து ஓடைக்குக் கொண்டுபோவார். அங்கே குழந்தைத் தொட்டில் போன்ற ஒரு மரப்பெட்டி இருக்கும். அதற்குப் பெயரே தொட்டில்தான். ஒருவர் அதில் தண்ணீர் ஊற்ற, மற்றொருவர் ஆட்டிக்கொண்டிருப்பார். சேறு கரைந்து ஓட, கனமான தங்கத் துகள் அடியிலே தங்கும். கடைசியில் ஒரு தகரத் தட்டில் அதை அலசி அலசிப் பார்ப்பார்கள். தாய்மார்கள் முறத்தில் அரிசி புடைத்துக் கல் பொறுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் மாலை வரை முழங்கால் அளவு குளிர்ந்த நீரிலே நின்றுகொண்டு செய்யவேண்டிய வேலை அது.

மேல் மண்ணில் இருந்த தங்கம் விரைவில் தீர்ந்தது. பல்லாரட்டின் பெரிய செல்வம் பழைய ஆற்றுப் படுகைகளில், பூமியின் ஆழத்தில் புதைந்திருந்தது. 1853, 1854-ஆம் ஆண்டுகளில் நூறடிக்கு மேல் குழி இறக்கவேண்டி வந்தது. பக்கங்கள் சரியாதபடி மரப் பலகைகளை அண்டை கொடுப்பார்கள். இரவு பகலாக ஊறும் நீரை ராட்டினம் போட்டு வாளி வாளியாக இறைப்பார்கள். அடியில் காற்று கெட்டுப்போகும் என்பதால் மேலிருந்து துணிக் குழாய் கட்டிக் காற்றை உள்ளே விடுவார்கள். ஒரு குழி அடி காணப் பல மாதங்கள் ஆகும். அத்தனை மாதமும் வருமானம் இல்லை, கடையிலே கடன்தான். கடைசியில் அடியைத் தொட்டால் ஒரு குழியில் தங்கம் இருக்கும். பத்தடி தள்ளி அதே பாடுபட்ட வேறொரு கூட்டத்தின் குழியில் வெறும் களிமண் இருக்கும். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்கிறோமே, அங்கே தோண்டியவன் கணக்கும் அப்படித்தான்.

1858-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பல்லாரட்டில் 22 பேர் கொண்ட ஒரு கூட்டத்தார் ஏறத்தாழ 69 கிலோ எடையுள்ள ஒரே தங்கக் கட்டியைக் கண்டெடுத்தார்கள். உலகமே அதைப் பேசிற்று. ஒன்றும் காணாமல் குழியை மூடாமலே விட்டுப் போனவர்களை யார் பேசினார்கள்? அவர்கள் விட்டுச் சென்ற குழிகளில் இரவிலே வழிப்போக்கரும் சிறு பிள்ளைகளும் தவறி விழுந்து மாண்டதுதான் மிச்சம்.

உணவு? காலையிலும் ஆட்டிறைச்சி, மதியமும் ஆட்டிறைச்சி, இரவும் ஆட்டிறைச்சி. மாவைப் பிசைந்து நெருப்புச் சாம்பலிலே புதைத்துச் சுட்ட தடித்த ரொட்டி. தகரப் பாத்திரத்தில் கொதிக்க வைத்த தேநீர். காய்கறி அரிது, ஆகவே ஈறு வீங்கிப் பல் ஆடும் ஸ்கர்வி நோய் வந்தது. மண் கழுவிய அதே ஓடைத் தண்ணீர்தான் குடிக்கவும். சீதபேதியும் விஷ ஜுரமும் கூடாரம் கூடாரமாகப் புகுந்தன. ஈக்களாலும் புழுதியாலும் கண்நோய் பரவிற்று. கைக்குழந்தைகள் பலர் அங்கே மடிந்தார்கள்.

சாராயம் விற்கத் தொடக்க ஆண்டுகளில் தடை இருந்தது. தடை இருந்தால் என்ன? "காபிக் கடை" என்று பலகை தொங்கிய கூடாரங்களுக்குள்ளே கள்ளச் சாராயம் ஓடிற்று. சட்டம் போட்ட அரசின் அதிகாரிகளிலேயே சிலர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார்கள். மாதக்கணக்கில் உழைத்துக் கண்ட தங்கம் இரண்டு இரவில் கரைந்துபோனதும் உண்டு.

ஆனாலும் சகோதரரே, அது கெட்டவர்களின் கூடாரம் என்று எண்ணிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மண்வெட்டிச் சத்தம் நின்றுவிடும். துணி துவைப்பார்கள், விறகு வெட்டுவார்கள், ஊருக்குக் கடிதம் எழுதுவார்கள். கடிதம் போய்ச் சேரவே மாதங்கள் ஆகும். அவரவர் சபையின் வழிபாடு திறந்த வெளியிலோ கூடாரத்திலோ நடக்கும். உடையைப் பார்த்து ஒருவர் யார் என்று அங்கே கண்டுபிடிக்க முடியாது. மருத்துவரும், வழக்கறிஞரும், பிரபுவின் மகனும், மாலுமியும் எல்லாரும் ஒரே கம்பளிச் சட்டை, ஒரே சேறு. தாய்நாட்டில் குனிந்து சலாம் போட்டவன் அங்கே நிமிர்ந்து நின்றான். கூட்டாளிக்குக் காய்ச்சல் வந்தால் அவன் பங்கு வேலையையும் மற்றவர்கள் செய்தார்கள்.

சென்னையிலிருந்து சென்ற தாய்

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். முதல் ஆண்டில் பெரும்பாலும் ஆண்களே போனார்கள். பிறகு மனைவி மக்களும் வந்து சேர்ந்தார்கள். கூடாரத்திலே பிள்ளை பெற்றார்கள். ரொட்டி சுட்டு விற்றார்கள், துணி தைத்தார்கள், கடை வைத்தார்கள், கணவனோடு நின்று தொட்டிலும் ஆட்டினார்கள். கணவன் சுரங்கத்துக்குப் போய்விட, பின்னால் குழந்தைகளோடு அந்த நெடுவழியில் தனியே நடந்த பெண்கள் படாத பாடு பட்டார்கள். வழியிலே தங்க இடமில்லை. சத்திரத்துக்காரன் கேட்ட காசு அவர்களிடம் இல்லை.

அந்தத் துயரத்தைக் கண்டு மனம் பொறுக்காத பெண்மணி கரோலின் சிஷோம் அம்மையார். 1808-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கத்தோலிக்கரான கணவரைத் திருமணம் செய்து கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். கணவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. ஆகவே அம்மையார் சென்னைக்கு வந்தார். படைவீரர் குடியிருப்பில் ஐரோப்பியச் சிப்பாய்களின் பெண்மக்கள் கவனிப்பாரற்றுத் திரிவதைக் கண்டு, அவர்கள் படிக்கவும் சமையல், தையல், வீட்டு நிர்வாகம் கற்கவும் 1834-இல் ஒரு தொழிற்பள்ளியை நம் சென்னையிலே தொடங்கினார். 1838-இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அங்கே வேலை தேடி வந்து தெருவில் நின்ற இளம்பெண்களுக்கு விடுதி அமைத்தார். வேலை தேடிக் கொடுத்தார்.

1854-ஆம் ஆண்டு அவர் தங்க வயல்களைச் சுற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன செய்தார்? அரசாங்கத்தைத் தூண்டிப் பணம் பெற்று, மெல்போர்னிலிருந்து வயல்களுக்குச் செல்லும் பாதையிலே ஒரு நாள் நடைக்கு ஒன்றாகத் தங்கும் கொட்டகைகள் அமைக்கச் செய்தார். நடந்து வரும் தாயும் பிள்ளையும் இரவிலே தலை சாய்க்க ஒரு கூரை. அவ்வளவுதான். தங்க வயலில் எத்தனையோ பேர் எத்தனையோ திட்டம் போட்டார்கள். களைத்து வருகிறவளுக்கு முதலில் ஒரு கூரை வேண்டும் என்பது இந்த அம்மையாருக்குத் தெரிந்தது.

சட்டைப் பையில் ஒரு சீட்டு

இனி அந்தத் தொழிலாளரின் பெருந்துயரத்துக்கு வருகிறேன். குளிரும் சேறும் காய்ச்சலும் அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். தாங்க முடியாதது ஒன்று இருந்தது. அது ஒரு சிறு காகிதம்: லைசென்சு.

1851 செப்டம்பர் முதல் நாளிலிருந்து, தங்கம் தோண்டுகிற ஒவ்வொருவனும் மாதம் 30 ஷில்லிங் கட்டி உரிமச் சீட்டு வாங்கவேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அந்நாளில் வயலிலே ஓர் அவுன்சு தங்கத்துக்குக் கிடைத்த விலை ஏறத்தாழ 3 பவுண்டு. ஆகவே மாதம் அரை அவுன்சு தங்கம் அரசுக்கு. தங்கம் கண்டவனும் 30 ஷில்லிங், காணாதவனும் 30 ஷில்லிங். ஆறு மாதம் குழி தோண்டிக் களிமண்ணைக் கண்டவனும் ஆறு மாதச் சீட்டு வாங்கியிருக்கவேண்டும். இது வருமானத்தின் மீது போட்ட வரி அன்று. உழைப்பின் மீதே போட்ட வரி. வரி கட்டியவனுக்கு வாக்குரிமையும் இல்லை; நிலம் வாங்கி உழ வழியும் இல்லை.

அவ்வாண்டு டிசம்பரில் அந்தக் கட்டணத்தை இரட்டிப்பாக்க அரசு முயன்றபோது ஆயிரக்கணக்கானோர் கூடி எதிர்த்தார்கள், முயற்சி கைவிடப்பட்டது. 1853-இல் பெண்டிகோ மக்கள் ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்ட நீண்ட மனுவை ஆளுநர் லா ட்ரோபிடம் கொடுத்தார்கள். கட்டணம் மாதம் ஒரு பவுண்டு என்று சற்றே குறைந்தது. ஆனால் சீட்டைச் சோதிக்கும் முறை மாறவில்லை.

அந்தச் சோதனையை "லைசென்சு வேட்டை" என்றே சொன்னார்கள். குதிரைப் போலீசார் திடீரென்று வயலுக்குள் புகுவார்கள். நூறடி ஆழத்தில் நிற்பவனும் மேலே ஏறி வந்து சீட்டைக் காட்டவேண்டும். நனைந்துவிடும் என்று சீட்டைக் கூடாரத்தில் வைத்திருந்தால் அதுவும் குற்றம். அபராதத்தில் பாதி பிடித்துக் கொடுத்தவனுக்கு என்ற ஏற்பாடும் இருந்ததால் வேட்டைக்கு உற்சாகம் கேட்பானேன்? சிறைச்சாலை இல்லாத இடங்களில் பிடிபட்டவர்களை மரக்கட்டையிலே சங்கிலியால் கட்டிப்போட்டார்கள். போலீஸ் வருவதைக் கண்டவுடன் "ஜோ! ஜோ!" என்று ஒருவர் கூவ, அந்தக் கூவல் வயல் முழுவதும் பரவும். அது ஆளுநர் சார்லஸ் ஜோசப் லா ட்ரோபின் பெயரைக் கேலி செய்த கூவல். 1854-இல் புதிய ஆளுநராக வந்த ஹாதம், கருவூலம் காலியாக இருப்பதைக் கண்டு, வாரம் இருமுறை வேட்டை நடத்த உத்தரவிட்டார்.

குருவின் பணியாளர்

அப்போது பல்லாரட்டின் கத்தோலிக்க ஆலயம் புனித அலிப்பியுஸ் பெயரில் அமைந்த எளிய சிற்றாலயம். அங்கே குருவாக இருந்தவர் பேட்ரிக் ஸ்மைத் என்னும் இளம் ஐரிஷ் நாட்டவர். பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் ஏழைகள் அவருடைய மந்தையில் பெரும்பகுதி. அவரிடம் ஜொஹானஸ் கிரெகோரியுஸ் என்னும் ஆர்மீனியர் பணியாளராக இருந்தார், கால் ஊனமுற்றவர்.

1854 அக்டோபர் 10-ஆம் நாள், கிரெகோரியுஸ் நோயாளி ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தார். போலீஸ்காரன் வந்து சீட்டைக் கேட்டான். தாம் தங்கம் தோண்டுகிறவர் அல்லர், குருவின் பணியாளர் என்று அவர் சொல்லியும் கேளாமல் அவரை முரட்டுத்தனமாகத் தாக்கினான். அபராதம் 5 பவுண்டு. சீட்டு இல்லாத குற்றம் அவர்மீது நிற்காது என்று தெரிந்ததும், போலீசாரைத் தாக்கினார் என்று வழக்கை மாற்றினார்கள். நடக்கவே சிரமப்படும் மனிதர் குதிரைப் போலீசைத் தாக்கினாராம்! கத்தோலிக்கர் கூடிக் கண்டனம் தெரிவித்தார்கள், நியாயம் கிடைக்கவில்லை.

அதே அக்டோபர் முதல் வாரத்தில் ஸ்கோபி என்னும் ஸ்காட்லாந்துத் தொழிலாளி ஒரு விடுதியின் அருகே கொல்லப்பட்டார். விடுதிக்காரர் மீது எல்லாரும் சந்தேகப்பட்டார்கள். விசாரித்த நீதிபதி அவருக்கு வேண்டியவர், விடுவித்துவிட்டார். அக்டோபர் 17-இல் கூடிய மக்கள் கோபம் தாங்காமல் விடுதியைக் கொளுத்தினார்கள். அதற்காகச் சிலர் கைது செய்யப்பட்டார்கள். நவம்பர் 11-இல் பேக்கரி ஹில் என்னும் மேட்டிலே பல்லாரட் சீர்திருத்தச் சங்கம் உருவாயிற்று. சீட்டை ஒழிக்கவேண்டும், வரி கட்டுகிறவனுக்கு வாக்குரிமை வேண்டும் என்றார்கள்.

அரசு இறங்கி வரவில்லை. நவம்பர் 29-இல் நீலத் துணியில் வெள்ளைச் சிலுவை விண்மீன் பொறித்த கொடியை ஏற்றி, சீட்டுகளைக் கூட்டங் கூட்டமாக எரித்தார்கள். மறுநாளே கமிஷனர் மீண்டும் வேட்டைக்கு ஆள் அனுப்பினார். அன்று பீட்டர் லாலர் என்னும் ஐரிஷ் கத்தோலிக்க இளைஞரைத் தலைவராக ஏற்று, கொடியின்கீழ் முழந்தாளிட்டு, ஒருவருக்கொருவர் துணை நிற்பதாக உறுதி எடுத்தார்கள். யுரேக்கா என்ற இடத்தில் மரக் கட்டைகளாலும் வண்டிகளாலும் ஓர் அரண் அமைத்தார்கள்.

ஸ்மைத் அடிகளார் என்ன செய்தார்? வேறு இருவரோடு கமிஷனரிடம் போய், வேட்டையை நிறுத்துங்கள், இரத்தம் சிந்தாமல் முடிக்கலாம் என்று மன்றாடினார். பயனில்லை. டிசம்பர் 2, சனிக்கிழமை, அரணுக்குள் சென்று தம் மக்களிடம் பேசினார். எதிரே நிற்கும் படையின் பலத்தை எடுத்துச் சொல்லி, மறுநாள் காலையில் திருப்பலிக்கு வந்துவிடுங்கள் என்று வேண்டினார். அவர் யாரையும் கோழை என்று சொல்லவில்லை. யாரையும் சண்டைக்குத் தூண்டவும் இல்லை. இரு பக்கத்தாரிடமும் போனார். இரு பக்கத்தாரும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

ஞாயிறன்று தாக்கமாட்டார்கள் என்று எண்ணிப் பெரும்பாலோர் இரவு கூடாரத்துக்குப் போய்விட்டார்கள். அரணில் இருந்தவர் சுமார் 150 பேர். டிசம்பர் 3, ஞாயிறு, விடியுமுன் ஏறத்தாழ 280 படைவீரரும் போலீசாரும் பாய்ந்தார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. தொழிலாளரில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். படைவீரரும் சிலர் இறந்தார்கள். சரணடைந்தவரையும் காயம்பட்டவரையும்கூடப் போலீசார் விடவில்லை, கூடாரங்களைக் கொளுத்தினார்கள். செய்தி கேட்டு ஓடி வந்த ஸ்மைத் அடிகளார் சாகக் கிடந்தவர்களுக்கு இறுதி ஆறுதல் அளிக்க முயன்றார். அவரை அங்கே நிற்கவிடாமல் விரட்டினார்கள் என்று அக்காலத்தவர் எழுதியிருக்கிறார்கள். குண்டடிபட்ட லாலரின் தலைக்கு 200 பவுண்டு விலை வைக்கப்பட்டிருந்தது. அவருடைய இடது கை துண்டிக்கப்பட்டது எங்கே தெரியுமா? ஸ்மைத் அடிகளாரின் குருமனையில்.

என்ன கிடைத்தது? யாருக்குக் கிடைத்தது?

தேசத்துரோகக் குற்றம் சாட்டி 13 பேரை மெல்போர்ன் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஐரிஷ்காரர், இத்தாலியரான ரஃபாயெல்லோ கார்போனி, கறுப்பின அமெரிக்கரான ஜான் ஜோசப் என்று பல நாட்டவர். 1855-இன் தொடக்க மாதங்களில் மெல்போர்ன் ஜூரிகள் அத்தனை பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தார்கள். ஜான் ஜோசபை நாற்காலியில் அமர்த்தித் தெருவெல்லாம் தூக்கிச் சென்றார்கள்.

அதே ஆண்டில் மாதச் சீட்டு ஒழிந்தது. ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டினால் தோண்டும் உரிமையும் வாக்குரிமையும் சேர்ந்து கிடைத்தன. எடுத்த தங்கத்தின் மீது ஏற்றுமதி வரி வந்தது. அதாவது கண்டவன் கட்டினான், காணாதவன் தப்பினான். வயல் வழக்குகளைத் தீர்க்கத் தொழிலாளரே தேர்ந்தெடுத்த மன்றங்கள் வந்தன. தலைக்கு விலை வைக்கப்பட்ட பீட்டர் லாலர் அவ்வாண்டு நவம்பரில் சட்டமன்றத்தில் அமர்ந்தார். 1880-இல் அதன் சபாநாயகரும் ஆனார். 1856 ஏப்ரலில் மெல்போர்ன் கல்தச்சர்கள் எட்டு மணி நேர வேலை நாளைப் பெற்றார்கள். மே நாளில் நாம் பெருமையாகப் பேசுகிற அந்த எட்டு மணி நேரத்தை உலகில் முதன்முதல் வென்றவர்களில் அவர்களும் அடங்குவர்.

இத்துடன் நிறுத்தினால் கதை இனிப்பாக முடியும். ஆனால் முழுவதையும் சொல்லவேண்டும்.

தங்களுக்கு அநியாய வரியா என்று பொங்கியவர்கள், சீனத் தொழிலாளருக்கு அதைவிடப் பெரிய வரி போடவேண்டும் என்று கேட்டார்கள். மாதச் சீட்டு ஒழிந்த அதே 1855-ஆம் ஆண்டு, விக்டோரியாவில் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு தலைவரி விதிக்கப்பட்டது. ஒரு கப்பலில் இத்தனை சீனர்தான் வரலாம் என்றும் கட்டுப்பாடு வந்தது. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? பக்கத்து மாநிலமான தென் ஆஸ்திரேலியாவில் ரோப் என்னும் சிறு துறையில் இறங்கி, காவடி போலத் தோளில் மூங்கில் சுமந்து, 400 கிலோமீட்டருக்கு மேல் வரிசையாக நடந்து வந்தார்கள். பிறர் அலசிப் போட்ட மண்ணையே மறுபடி அலசிப் பிழைத்தார்கள். காய்கறி பயிரிட்டு அந்த வயல்களுக்கே உணவு கொடுத்தார்கள். 1857-இல் அவர்கள் அங்கே தங்கியிருப்பதற்கே தனி வரி வந்தது. அவ்வாண்டு ஜூலை 4-இல் பக்லண்ட் ஆற்றுப் பகுதியில் அவர்களை அடித்து விரட்டி, கூடாரங்களையும் கோவிலையும் எரித்தார்கள். எரித்தவர்கள் போலீசார் அல்லர், சக தொழிலாளர்.

அந்த மண்ணின் பழங்குடி மக்களான வாதவுருங் மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். யுரேக்காவில் உரிமை பற்றிப் பேசியவர்கள் நின்ற நிலமே அவர்களுடையது. அவர்கள் குடித்த ஓடை சேறாயிற்று; வேட்டையாடிய காடு விறகாயிற்று. குளிரில் நடுங்கிய வெள்ளையருக்குத் தோல் போர்வை செய்து விற்றார்கள், வழி காட்டினார்கள், தொலைந்த பிள்ளைகளைத் தேடிக் கொடுத்தார்கள். தங்கத்தில் அவர்களுக்கு ஒரு பங்கும் எழுதப்படவில்லை. கொடியைத் தைத்தவர்கள் என்று சொல்லப்படும் பெண்களுக்கும் விக்டோரியாவின் சட்டமன்றத் தேர்தலில் வாக்குரிமை 1908-இல்தான் வந்தது.

அன்பானவர்களே, நாம் ஏன் இதையெல்லாம் கேட்கவேண்டும்? ஒருவன் சட்டைப் பையில் சீட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அவன் பசியைப் பாராமல், அவன் களைப்பைப் பாராமல், அவன் ஊனத்தைப் பாராமல் நடத்துவது எவ்வளவு கொடுமை என்பதைப் பல்லாரட் தொழிலாளர் தங்கள் உடம்பிலே அறிந்தார்கள். அறிந்தும், அடுத்த ஆண்டே அந்தச் சீட்டைச் சீனன் கையில் கேட்டார்கள். பட்ட அடி மட்டும் மனிதனை இரக்கமுள்ளவன் ஆக்கிவிடாது; அதை அவன் கற்றுக்கொள்ளவேண்டும்.

நம்மிடமும் அந்தச் சீட்டு பல பெயர்களில் இருக்கிறது. எந்தத் தெரு? எந்தச் சாதி? எந்த ஊரிலிருந்து பிழைக்க வந்தவன்? சொந்த வீடா, வாடகையா? செங்கல் சுமக்க வெளியூரிலிருந்து வந்து நம் பங்கின் எல்லையில் குடிசை போட்டிருப்பவர்களிடம் நாமும் மனத்துக்குள் சீட்டைக் கேட்கிறோம் அல்லவா? பொன்விழா மலரிலே நன்கொடையாளர் பெயரெல்லாம் அச்சாகும், நல்லது. இந்த ஆலயத்துக்கு மண் சுமந்தவர்கள், கூலியில் ஒரு நாளை விட்டுக் கொடுத்தவர்கள் பெயரையும் முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள் என்று மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பல்லாரட்டின் பொன் உருகி எந்தெந்த நாட்டு நாணயமாகவோ போய்விட்டது. சிஷோம் அம்மையார் போடவைத்த கொட்டகைகளும் மண்ணோடு மண்ணாயின. ஆனால் மழை இரவில் அந்தக் கூரையின்கீழ் பிள்ளையை உலர்த்தி உறங்க வைத்த தாய்க்கு, அந்த ஓர் இரவில், எல்லாத் தங்கத்தையும்விட அதுவே பெரிதாக இருந்திருக்கும். இந்தப் பொன்விழா ஆண்டில், வழியில் நடந்து வருகிற யாருக்காவது நம் பங்கு அப்படி ஒரு கூரை போடுமா? இளைஞர் மன்றத்தாரும் மாதர் சங்கத்தாரும் கூடி யோசியுங்கள். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இதைப் பற்றிப் பேசுவோம். எல்லாரும் இருந்துவிட்டுப் போங்கள்.

 இறைவன் உங்களையும் உங்கள் கைகளின் உழைப்பையும் ஆசீர்வதிப்பாராக!